சத்தம் நின்ற சாம்பல் கார்

“நீ அந்தச் சத்தத்தை ரிப்பேர் பண்றியா, இல்ல தீனி போட்டு வளர்க்கிறியாடா?”

மெக்கானிக்கின் அக்கா போட்ட கூச்சலில், எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த எனக்கே கை நின்றுவிட்டது. அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்கில்லை. கேட்கிற பழக்கம் மட்டும்தான். அதனால் கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றேன்.

சண்டைக்குக் காரணம், ஷெட்டில் ஜாக்கி மேல் நின்ற சாம்பல் நிறக் கார். தெருக்கோடி மருந்துக்கடைக்காரியுடையது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் இடது முன்சக்கரத்தடியில் கடகடவென்று, டப்பாவுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கினது மாதிரி சத்தம். மெக்கானிக் முதலில் லிங்க் ராடு மாற்றினான். போகவில்லை. ஷாக் அப்சார்பர் மேலே உட்காரும் ரப்பரை மாற்றினான். ஊஹூம். கடைசியில் சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் புஷ் என்கிற ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டான்; சத்தம் நின்றது. சில வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி புஷ், மறுபடி அதே கதை. கண்ணை மூடிக் கேட்டே எந்த நட்டு லூசு என்று சொல்கிறவன், இந்த ஒரு காரிடம் மட்டும் தோற்பானா? தெருவே யோசித்தது. நான் கொஞ்சம் முன்னாலேயே யோசித்துவிட்டேன்.

ரிப்பேர் முடிந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? அவள் ஓட்டுவாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிக் காதைத் தீட்டிக்கொள்வான். இருக்கிற வேகத்தடை எல்லாம் ஏறி இறங்கி ஆற அமர வருவார்கள். மருந்துக்கடைக்காரி தனிக்கட்டை, கடையில் மாத்திரையைக்கூட முறைத்துக்கொண்டுதான் எடுத்துத் தருவாள். காரிலிருந்து இறங்கும்போது மட்டும் முகத்தில் சிரிப்பு மிச்சமிருக்கும். இவனோ அன்று முழுக்க ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடுவான்.

இப்போது அக்காவிடம் மாட்டிக்கொண்டான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தானாம். வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் அதை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துபோகும். அப்பாவின் ஷெட்டில் வளர்ந்த அக்காவுக்கு இது தெரியாதா? எனக்கே அன்றைக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவு உரக்கச் சொன்னாள்.

மறந்துவிட்டேன் என்றான். அவள் நம்பவில்லை. வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் கடைசியில் சொன்னான்:

“சத்தம் நின்னுட்டா அவங்க எதுக்குக்கா இங்க வருவாங்க?”

அக்காவின் குரல் இறங்கிவிட்டது. மீதியைச் சுவரில் பாதி தொங்கிக்கொண்டுதான் கேட்டேன்.

“உன் ஆசைக்கு அவ வண்டி என்னடா பாவம் பண்ணுச்சு? வாயத் திறந்து கேளு.”

வண்டியை இறக்கி, தானே அடியில் படுத்து இறுக்கினாள். இனிமேல் சாக்கு எதுவும் மிஞ்சாது, சாயங்காலம் ஓட்டிப் பார்க்கும்போதே சொல்லிவிடு என்று உத்தரவு வேறு.

சாயங்காலம் அவர்கள் திரும்பிய நேரம் பார்த்து எனக்கு வாசல் கேட்டைத் துடைக்கிற வேலை வந்தது.

“சத்தம் போயிடுச்சுங்க,” என்றான்.

“ஆமா, போயிடுச்சு.” சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். “அப்போ இனிமே நான் வர வேண்டியதில்லையா?”

ஷெட்டுக்குள் அக்கா மூச்சைப் பிடித்திருப்பாள். நானும்தான்.

“வேண்டியதே இல்லைங்க. பல வருஷத்துக்கு அசையாது.”

தொழில் பேச்சு பேசிவிட்டான், மடையன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

முன்பெல்லாம் ஷெட் எதிரே இருக்கும் வேகத்தடையில் சத்தம் கேட்டதும் வெளியே வந்து நிற்பான். இப்போது அந்தக் கார் போவது அவனுக்கே தெரியாது. அவள் என்னவோ ஷெட்டுக்கு எதிரே மெதுவாக்கத்தான் செய்தாள். ஏதாவது வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிய இரண்டு கால்கள்தான் கண்ணில் படும்.

மருந்துக்கடையை விற்றுவிட்டு அவள் ஊரைவிட்டுப் போன அன்று, காரில் சாமான் நிறைய. வேகத்தடை மேல் கொஞ்ச நேரம் நின்றது. கால்கள் அசையவில்லை. போய்விட்டது.

விஷயம் தெரிந்து என்னிடம் வந்து கேட்டான்: “போகும்போது சத்தம் ஏதாவது வந்துச்சா அத்தை?”

“ஒண்ணும் வரலப்பா.”

நல்லது என்றான். அப்புறமும் போகாமல் நின்றான்.

போன ஊரில் அவளுக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோடு கல்யாணம் ஆகிவிட்டதாம். அக்காவும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் போய்விட்டாள். இவன் இங்கேயேதான். கடகடக்கிற வண்டிகளுக்குத் தலை நிமிர்வதில்லை. சத்தமில்லாமல் ஒன்று போனால்தான் அடியிலிருந்து வெளியே வந்து பார்க்கிறான்.