இரண்டும் நாலும் இருபத்திநாலு

1

இது கதையாகத் தொடங்கவில்லை. பைத்தன் படிக்கத் தொடங்குபவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் சிக்கல்களையும் அவற்றிலிருந்து வெளியே வரும் வழிகளையும் பற்றி ஓர் இணையத்தளம் என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. பைத்தன், கணினிக்கு வேலை சொல்லும் மொழிகளில் ஒன்று. புங்குடுதீவில் ஒரு நூலக மண்டபத்தில் சனிக்கிழமைகளில் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கட்டுரையின் முதல் வரியை எழுதினேன்: "பிழைச்செய்தியைக் கண்டு பயப்பட வேண்டாம்." இரண்டாவது வரி: "பிழைச்செய்தி வராதபோதுதான் பயப்பட வேண்டும்."

இரண்டாவது வரிக்கு ஓர் உதாரணம் தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்த உதாரணம் கேதீஸ்வரி அக்கா மட்டும்தான். அவரிடம் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"ஏன் மாத்துவான்? பிழை விட்டது நான்தானே. என்ர பேரிலயே எழுதும்," என்றார்.

அத்தோடு கட்டுரை நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: "நயினாதீவின் கரையில் காலை வெயில் மெல்ல –"

(அடித்துவிட்டேன். நடந்தவற்றுக்கும் வெயிலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.)

இரண்டாவது: "கேதீஸ்வரி ஒரு சாதாரணப் பெண் –"

(இது பொய். அவர் சாதாரணம் என்றால் வகுப்பில் நாங்கள் எல்லோரும் என்ன?)

மூன்றாவதில் தகவலை மட்டும் சொல்கிறேன். நயினாதீவைச் சேர்ந்த கேதீஸ்வரி வேலணையில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். விடியற்காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து அங்கிருந்து பஸ் எடுப்பார். கணவர் தம்பிராசா முன்பு லொறி ஓடியவர். சீனி வருத்தம் (நீரிழிவு) கண்ணைப் பிடித்த பிறகு வீட்டில் இருக்கிறார். பெரிய எழுத்து தெரியும், சின்ன எழுத்து தெரியாது.

சாப்பாட்டுக்கு முன் அவர் இன்சுலின் போட வேண்டும். கனடாவிலுள்ள தங்கை அனுப்பிய பேனா போன்ற ஊசியின் அடியைத் திருகினால் ஓர் அலகுக்கு ஒரு 'கிளிக்' கேட்கும். அதை எண்ணிக்கொண்டு அவர் தானே போட்டுக்கொள்வார். எத்தனை அலகு என்பதுதான் சிக்கல். என்ன சாப்பாட்டுக்கு எவ்வளவு, இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் மேலதிகமாக எவ்வளவு என்று கிளினிக்கில் ஓர் அட்டவணை கொடுத்திருந்தார்கள். அதன் எழுத்து சின்னது. மனைவி படகேறிய பிறகு பக்கத்து வீட்டு நல்லம்மா வந்து வாசித்துக் காட்டுவார்.

"ஒவ்வொரு நாளும் ஒரு ஆளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல எனக்கு ஏலாது," என்று ஒருநாள் தம்பிராசா சொன்னார். அன்றிலிருந்து சில நாட்கள் ஊசியே போடவில்லை.

அதற்குப் பிறகுதான் கேதீஸ்வரி என் வகுப்புக்கு வந்தார்.

3

(கட்டுரைக்காக எழுதியதில் இந்தப் பகுதி மட்டும் மிஞ்சியது.)

தொடக்கத்தில் வரும் பிழைகள் எல்லாம் அவருக்கும் வந்தன. நிபந்தனை வரியின் முடிவில் முக்காற்புள்ளியை (:) மறந்தார். உள்ளே தள்ளி எழுத வேண்டிய வரியை ஓரத்திலேயே தொடங்கினார். ஒரு பெயரை மேலே ஒருவிதமாகவும் கீழே வேறு விதமாகவும் எழுதினார். ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்பாக ஒரு பந்தி வந்து விழுந்தது.

"அக்கா, கடைசி வரியை முதல் வாசியுங்கோ. என்ன பிழை எண்டு அதில இருக்கும். பிறகு எத்தினையாவது வரி எண்டு பாருங்கோ."

பிழையைக் காட்டுவதற்காக என் கை விசைப்பலகைக்குப் போகும். உடனே தடுத்துவிடுவார்.

"நீர் கை வைக்க வேண்டாம். வாயால சொல்லும். அங்க வீட்டில நீர் வந்து நிக்கமாட்டீர்தானே."

மற்றவர்கள் தேநீருக்கு எழும்பிப் போவார்கள். அவர் இருந்த கதிரையை விட்டு அசையமாட்டார்.

அட்டவணை முழுவதையும் அவர் தானே உள்ளிட்டார். இரத்தச் சீனியை அளக்கும் மீற்றரில் தெரியும் எண்ணையும் சாப்பாட்டின் பெயரையும் கொடுத்தால், போட வேண்டிய அலகு திரையை நிறைத்து வரும். வீட்டிலிருந்த பழைய கணினியில் அதை ஏற்றினார். முதல் கிழமை ஒவ்வொரு நாளும் சரியாக வந்தது. நல்லம்மா கூப்பிடப்படவில்லை.

4

அந்தச் சனிக்கிழமை கேதீஸ்வரி வகுப்புக்காகப் படகில் வந்துகொண்டிருந்தார். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போக நான் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றேன்.

வீட்டில் தம்பிராசா மீற்றரைப் பார்த்தார். முதல்நாள் கோயிலில் சாப்பிட்ட சர்க்கரைப் பொங்கல் சீனியை ஏற்றியிருந்தது. சாப்பாடு பாண் இரண்டு துண்டு. இரண்டையும் கொடுத்தார். திரையில் 24 என்று வந்தது.

அவருக்குச் சந்தேகம் வந்தது. அவ்வளவு ஒருநாளும் போட்டதில்லை. மனைவிக்கு அழைப்பெடுத்தார்.

படகின் இயந்திரச் சத்தத்தில் கேதீஸ்வரிக்குப் பாண் என்பதும் மீற்றர் எண்ணும் இருபத்திநாலும் மட்டும் விளங்கின. அட்டவணை அவருக்கு மனப்பாடம். பாணுக்கு இரண்டு, சீனிக்கு நாலு. ஆறுதான் வர வேண்டும்.

"போடாதேங்கோ," என்றார்.

அதே சத்தத்தில் தம்பிராசாவுக்குக் கேட்டது: "போடுங்கோ."

5

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்:

"சொல் தெளிவாகக் கேட்டது. தம்பிராசா ஊசியை மேசையில் வைத்துவிட்டு –"

வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் அப்படி நடக்கவில்லை. நடந்ததை எழுதும்படி கேட்டவர் கேதீஸ்வரி, அதனால் எழுதுகிறேன். தம்பிராசா இருபத்திநாலு கிளிக் எண்ணினார். போட்டார். பாணை எடுக்கக் குசினிக்குப் போனார். கைத்தொலைபேசி அறையிலேயே இருந்தது.

6

படகு கட்டுமுன்னரே கேதீஸ்வரி எழும்பி நின்றார். தான் சொன்னது சரியாகக் கேட்டதோ என்ற சந்தேகத்தில் திரும்பத் திரும்ப அழைத்தும் கணவர் எடுக்கவில்லை. நல்லம்மாவுக்கு எடுத்தார்.

"நல்லம்மாக்கா, ஓடிப்போய் அவருக்குச் சீனித்தண்ணி குடுங்கோ. கூடப் போட்டிட்டார் போல கிடக்கு. ஓட்டோவைப் பிடிச்சு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

அழவில்லை. குரலும் உயரவில்லை. படகோட்டி அரியநாயகத்திடம் திரும்பினார். "அண்ணை, ஆக்கள் சேருமட்டும் நிக்க ஏலாது. இப்பவே திருப்புங்கோ."

அரியநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. வந்தவர்கள் இறங்கியதும் கட்டாத கயிற்றை உள்ளே எறிந்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

நடுக்கடலில் கேதீஸ்வரி என்னிடம் கேட்டார்: "சஞ்சீவன், ரெண்டும் நாலும் என்னெண்டு இருபத்திநாலு வரும்?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அட்டவணையில எண்ணுகளை மேற்கோள் குறிக்குள்ள போட்டனீங்களோ?"

"ஓம். சாப்பாட்டுப் பேரெல்லாம் அப்பிடித்தானே போட்டது."

"குறிக்குள்ள போட்டால் அது எண் இல்லை அக்கா, எழுத்து. எழுத்தைக் கூட்டச் சொன்னால் ஒண்டுக்குப் பக்கத்தில மற்றதை ஒட்டிவிடும்."

"அப்ப மற்ற நாளெல்லாம் சரியா வந்ததே?"

"அந்த நாளில சீனி கூடேல்லை. ஒட்டுறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை."

"அது ஏன் எனக்குச் சிவப்பில சொல்லேல்லை?"

"அதுக்கு அது பிழை இல்லை அக்கா."

(இணையத்தளம் கேட்ட கட்டுரை முழுவதும் இந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது. தீர்வும் சின்னது: மேற்கோள் குறிகளை எடுத்துவிட்டால் போதும்.)

7

நல்லம்மா போனபோது தம்பிராசா குசினி நிலத்தில் வியர்த்து நடுங்கிக்கொண்டு இருந்தாராம். சீனித்தண்ணீரைப் பாதி குடித்துப் பாதி சிந்தியிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆசுப்பத்திரிக் கட்டிலில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. மனைவியின் பெயரை முதலில் மாறிச் சொன்னார். பிறகு சரியாகச் சொன்னார். அப்போதுதான் கேதீஸ்வரி பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார்.

பின்னேரமளவில் தம்பிராசாவுக்குத் தெளிந்துவிட்டது. "உன்ர பெட்டிக்குக் கணக்குப் பிழைச்சுது. எனக்குக் காது பிழைச்சுது. நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டுதான்," என்றார்.

கேதீஸ்வரி சிரிக்கவில்லை. "நான் அதை அழிச்சுப்போடுறன்."

"அழிச்சால் திரும்ப நல்லம்மாவோ?"

"அவ இல்லையெண்டால் இண்டைக்கு நீங்கள் இல்லை."

"ஓம். அது எனக்குத் தெரியும். அவவுக்கு நான் நன்றி சொல்லுவன். ஆனால் காலமை காலமை அவ வந்து நிக்கிறது எனக்கு வேண்டாம். நீ அதைத் திருத்து."

மருத்துவர் கேட்டுக்கொண்டு நின்றார். அட்டவணையை உள்ளிட்டது சரியா என்று கிளினிக்கில் ஒருவர் பார்க்க வேண்டும். திரை சொல்வதை மட்டும் நம்பி ஊசி போடக்கூடாது. இந்த இரண்டையும் கண்டிப்பாகச் சொன்னார்.

தம்பிராசா வீட்டுக்கு வந்த பிறகு கேதீஸ்வரி கணினியின் முன் இருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் ஒவ்வொரு மேற்கோள் குறியாக எடுத்தார். வெற்று இடம் இருந்த வரிகளில் பூச்சியம் போட்டார். பிறகு மீற்றர் எண்ணைக் கூட்டியும் குறைத்தும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், தான் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கிளினிக் சொன்ன மேல் எல்லையைத் தாண்டினால் எண்ணையே காட்டாதே, ஆளைக் கூப்பிடச் சொல் என்று ஒரு நிபந்தனை வைத்தார். முக்காற்புள்ளியை மறக்கவில்லை.

கடைசியாக, நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் எழுதினார். விடையைக் காட்டுவதற்கு முன், சாப்பாட்டுக்கு எவ்வளவு, சீனிக்கு எவ்வளவு என்று பெரிதாகக் காட்டிவிட்டுத் திரை கேட்கும்: "உங்கட கணக்கில் எவ்வளவு?" தம்பிராசா தன் மனக்கணக்கைக் கொடுக்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் போடச் சொல்லும்.

"இது என்ன, எனக்குச் சோதினை வைக்கிறியோ?" என்றார் தம்பிராசா.

"ஓம். அதுக்கும் வைக்கிறன்."

கிளினிக்கில் பார்த்துச் சரி என்று சொன்னார்கள்.

8

முடிவுக்கு வந்துவிட்டேன். இரண்டு முடிவுகளை எழுதிக் கிழித்தாயிற்று. ஒன்றில் தம்பிராசா மறுப்பே இல்லாமல் ஊசியைப் போடுகிறார். அவ்வளவு பயந்த மனிதர் அப்படிப் போடமாட்டார். மற்றதில் அவர் கணினியை மூடிவிட்டு –

(முடிக்கவில்லை. கேதீஸ்வரி இதை வாசிப்பார்.)

அடுத்த திங்கட்கிழமை காலை வரை மட்டும் எழுதுகிறேன். கேதீஸ்வரி கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். படகுக்கு நேரமாகிறது. "நீ போ," என்கிறார் தம்பிராசா. கேதீஸ்வரி போகவில்லை. திரும்பி வந்து உதவவும் இல்லை. மேசையில் ஊசி இருக்கிறது, இன்னும் திருகவில்லை. சாப்பாட்டுக்கு மூன்று. சீனிக்கு ஐந்து. திரை பெரிய எழுத்தில் கேட்கிறது: "உங்கட கணக்கில் எவ்வளவு?"

தம்பிராசாவின் விரல் விசைப்பலகைக்கு மேலே நிற்கிறது. நான் இங்கேயே எழுந்துகொள்கிறேன். இனி அந்தக் கதிரையில் நீங்கள் இருங்கள். அவசரப்பட வேண்டாம், திரை காத்திருக்கும். கூட்டிப் பார்த்துவிட்டு, போடுவதா இல்லையா என்று சொல்லுங்கள்.