ஏழு தலைக்குப் பத்துக் கொம்பு

1

இந்தக் கதை ஒரு கணக்குச் சிக்கலில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிறிஸ்தவ வேதத்தின் கடைசிப் புத்தகத்தில் கடலிலிருந்து ஒரு மிருகம் ஏறி வருகிறது. தலை ஏழு, கொம்பு பத்து. எந்தத் தலைக்கு எத்தனை கொம்பு என்று சொல்லவில்லை. தலைக்கு ஒன்று வைத்தாலும் மூன்று மிஞ்சுகிறது. அந்த மூன்றை யார் தலையில் கட்டுவது?

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "உலகம் முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணம் முடிய வேண்டியிருந்த..." வேண்டாம். முழுக்கதையும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

2

அவள் கேக் கடையில் வேலை செய்கிறாள். கிரீமால் பெயர் எழுதுவது அவள் பொறுப்பு. எவ்வளவு நீளப் பெயரானாலும் இருக்கிற இடத்துக்குள் அடக்கிவிடுவாள். அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சனிக்கிழமை மாலைகளில் வீட்டு முன்னறையில் பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கடைசிக் காலத் தீர்க்கதரிசனங்களை விளக்குவார். தெருவில் அவருக்குப் பெயர் 'எக்காளம்'. உலக முடிவில் தேவதூதர்கள் ஊதப்போகும் ஏழு எக்காளங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார்.

(அம்மா? அவளைக் கதைக்குள் விட்டால் இரண்டே வாக்கியத்தில் வீட்டுக்காரரை அடக்கிவிடுவாள், எனக்குக் கதை மிஞ்சாது. எனவே எப்போதோ இறந்துவிட்டாள் என்று எழுதினேன். மனசு கேட்கவில்லை. ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை.)

வகுப்புக்கு ஒரு படம் வேண்டும் என்றார் அப்பா. பழைய படுக்கை விரிப்பில் அவள் மிருகத்தை வரைந்தாள். விரிப்பின் இடப்பக்கம் ஒட்டுப்போட்டது, சாயம் நிற்கவில்லை. ஆகவே அந்தப் பக்கத்து நாலு தலைக்கு ஆளுக்கொரு கொம்பு, வலப்பக்கத்து மூன்றுக்கு இரண்டிரண்டு. கேக்கில் செய்வதைத்தான் இங்கேயும் செய்தாள்.

3

படத்தை மாட்டியதும் எக்காளம் வேதத்தை மூடிவைத்துவிட்டுப் படத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

"பாருங்க, வலது பக்கம் மூணுக்கும் ரெட்டைக் கொம்பு. சும்மாவா இருக்கும்? மூணு தேசம் கூட்டுச் சேரப்போகுது. அடுத்த வருஷம் தாண்டாது."

டீ கொடுத்துக்கொண்டிருந்த மகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வகுப்பு முடிந்து, அவளுக்குப் பேசிவைத்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவிடம் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசியதைக் கேட்டபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"ஆண்டவர் வர்ற நேரம் சம்பந்தியம்மா. தேதிக்கு என்ன அவசரம்?"

"எங்களுக்கு அவசரம்தாங்க. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு தேதி சொல்லுங்க. இல்லன்னா நாங்க வேற இடம் பாத்துக்கறோம்."

(மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் செய்பவன். அவனைப் பற்றி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவளுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும் என்ற ஒரு வரி போதும்.)

4

முடிவு அ: அடுத்த வகுப்பில் அவள் எழுந்து ஒட்டுத்துணி விஷயத்தைப் போட்டு உடைக்கிறாள். அத்தனை பேர் முன்னால் அப்பா முகம் செத்துப்போகிறது. எழுதிவிட்டுக் கிழித்தேன். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை.

முடிவு ஆ: ரகசியமாகக் கொம்புகளை இடம் மாற்றிவிடுகிறாள். அப்பா அதற்கும் விளக்கம் கண்டுபிடித்து, உலகத்துக்கு நாற்பது வருஷம் தவணை கொடுக்கிறார். எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் கொம்பு வரைந்தே சம்மதம் வாங்குவதென்றால் அவள் எப்போது குடும்பம் நடத்துவது?

5

கெடுவுக்கு முந்தின நாள். அப்பா ஒரு ஃப்ரிட்ஜின் பின்பக்கத்தைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறார். மகள் பக்கத்தில் போய் உட்கார்கிறாள்.

"அப்பா, அந்தப் பக்கம் துணி ஒட்டுப்போட்டது. சாயம் நிக்கல. அதான் கொம்ப இந்தப் பக்கம் வெச்சேன்."

ஸ்க்ரூடிரைவர் நின்றது.

"தெரியும்மா. ஒட்டுப்போட்டதே நான்தான."

(இதை நான் எதிர்பார்க்கவில்லை. சத்தியமாக.)

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"வாய்ல வந்திடுச்சு. சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்திடுச்சு. எல்லாம் அடுத்த வருஷமே முடிஞ்சிடும்னா, நீ எங்கயும் போகவேண்டியதில்ல பாரு."

அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னாள்.

"முடியறதுன்னா முடியட்டும்பா. அன்னிக்கு நான் அவரோட இருக்கணும்."

அப்பா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"சரி. தேதி சொல்லிடறேன்," என்றார். "ஆனா அன்னிக்கு நான் யாரோட இருக்கறது?"

6

அவள் பதிலை எழுத எழுத அடித்துக்கொண்டிருக்கிறேன். "எங்களோட வந்திடுங்க" என்றால் பொய். லிஃப்ட்காரன் வீட்டில் ஒரே ஒரு அறை. "வகுப்புக்கு வர்றவங்க இருக்காங்கல்ல" என்றால் ஈரமில்லை. "அப்பா, நான்..." இதற்கு மேல் பேனா ஓடவில்லை.

அவள் எழுந்து போய்விடவில்லை, அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார்.