வெள்ளி அடைத்த பற்கள்

“அப்பாவோட பல்லைப் பிடுங்கணும். வண்டி வர்றதுக்குள்ள ஒரு பல் டாக்டரைக் கூப்பிடுங்க.”

கூடத்தில் விசும்பிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று சித்தப்பா சற்றுமுன்தான் அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் கெஞ்சியிருந்தார்.

“ஏம்மா மூக்கு,” என்றார் இப்போது, பல்லைக் கடித்துக்கொண்டு. “செத்த மனுஷன் வாயில உனக்கு என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கு?”

மூக்கு என்பது அப்பா வைத்த பெயர். காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளப்பது அவள் வேலை. வேலை கிடைத்த அன்று, “இனிமே எவன் புகை விட்டாலும் என் மக அதுல மூக்கை நுழைப்பா” என்று பஸ் டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டியவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதனால் அவள் பேசுவதில் பாதி படிப்பு, பாதி திமிர் என்று உறவுக்காரர்கள் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள்.

“ஆராய்ச்சி இல்ல சித்தப்பா. அவர் கடைவாய்ப் பல்லெல்லாம் வெள்ளி அடைச்சது. பேருதான் வெள்ளி, பாதி பாதரசம். எரிக்கிற சூட்டுல ஆவியாகிப் புகைபோக்கி வழியா மேல போகும். மேல போனது மழையோட கீழ வரும். குளத்துல இறங்கும், மீன்ல ஏறும்.”

“தினம் எத்தனையோ பேரை எரிக்கிறாங்க. எங்க அண்ணன் பல்லாலதான் ஊரு கெட்டுப்போகப் போகுதா?”

அலுவலகத்தில் இயக்குநரும் அதையேதான் கேட்டிருந்தார், கொஞ்சம் நாகரிகமாக. இரண்டு வருஷமாக அவள் நகரத்துப் புகைபோக்கிகளில் ஏறி ஏறிப் பாதரசத்தை அளந்திருந்தாள். நிலக்கரி மின்நிலையம், சிமெண்ட் ஆலை, கடைசியாகத் தகன மையம். அறிக்கையில் தகன மையத்துக்கென்று ஓர் அத்தியாயம் எழுதியிருந்தாள். “மின்நிலையத்துக்கு முன்னாடி இது கொசுறும்மா. இதுக்காக ஜனங்க மனசைப் புண்படுத்தணுமா? எடுத்துடு” என்றார் இயக்குநர். கொசுறுதான். ஆனால் மின்நிலையம் ஊருக்கு வெளியே இருந்தது; இந்தப் புகைபோக்கிக்கு நேர் எதிரே பள்ளிக்கூடம். ஒரு வடிகட்டி வைத்தால் தீர்ந்தது. அத்தியாயம் போனால் வடிகட்டியும் போச்சு. யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அதே நகரத்தின் மறுகோடியில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே அப்பா போய்விட்டார்.

இப்போது யோசிக்க ஒன்றுமில்லை. அடுத்தவர் அப்பாவின் புகையைப் பற்றி அறிக்கை எழுதிவிட்டு, சொந்த அப்பாவை அப்படியே அனுப்பிவைத்தால் அந்த அத்தியாயத்தைத் தானே கிழித்துப் போட வேண்டியதுதான்.

அவள் அழவில்லை. அழுகை வரவில்லை. மாதக்கணக்கில் கட்டிலோரம் உறுமிக்கொண்டிருந்த ஆக்சிஜன் மெஷினை விடிந்ததும் அம்மாதான் நிறுத்தினாள். அந்த அமைதியில் வீடே ஒரு மூச்சை இழுத்துவிட்டது போலிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வருகிறவர்கள் பார்த்தால் கதை கட்டுவார்கள் என்று இவள் கதவைச் சாத்திவைத்தாள். சாவு வீட்டில் நிம்மதி என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாதாம். ஒரு மூச்சுக்கு அவர் பட்ட பாட்டை ஒருநாள் உடனிருந்து பார்த்திருந்தால் எடுப்பார்கள்.

அவளை உறுத்தியது வேறொன்று. போன தடவை வந்திருந்தபோது அப்பா மெல்லுகிற எதையும் தொடவில்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தந்தால் விழுங்கினார். ஆப்பிளை நறுக்கி நீட்டினால் தலையை ஆட்டினார். “செத்துப்போறதுன்னே முடிவு பண்ணிட்டீங்களா? சாப்பிடாம யாரைப் பழிவாங்குறீங்க?” என்று இவள் கத்தினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தோள் குலுங்கியது. அந்தத் தோளை அவளால் மறக்க முடியவில்லை.

“டாக்டரெல்லாம் வர மாட்டார்,” என்றார் சித்தப்பா. “நாலு பேர் நடுவுல மானத்தை வாங்காத. உள்ள போ.”

“நீங்க கூப்பிடலைன்னா நான் கூப்பிடுறேன்.”

“கூப்பிட்டுத்தான் பாரேன்.”

“ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?” என்றாள், தூங்கி எழுந்து வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. தரையில் கையூன்றி எழுந்து சமையலறைக்குப் போனாள். டப்பாக்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. இருமல் மருந்து வந்த பாட்டில் ஒன்றோடு திரும்பினாள். மூடியை இறுக்கித் திருகி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஆட்டிக் காட்டினாள். உள்ளே கிலுகிலுத்தது.

“பிடுங்கியாச்சு.”

மகள் பாட்டிலின் அருகே குனிந்து பார்த்தாள். “எப்ப?”

“மெஷின் வர்றதுக்கு முன்னாடியே. நடமாடிக்கிட்டு இருந்தப்ப. நீ ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டே புகைபோக்கிக் கதை சொன்னியே?”

சொன்னாள். “அப்ப என் வாயே ஒரு ஃபேக்டரியா?” என்று அவர் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

“அதுக்கப்புறம் தினம் கண்ணாடி முன்னாடி வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பார். ஒருநாள் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னார். ரெண்டு பல்லுதான் ஆடுச்சு. மத்ததெல்லாம் கல்லு மாதிரி. டாக்டர் மாட்டவே மாட்டேன்னார். இவர் வலிக்குது, ராத்திரி தூக்கமே இல்லைன்னு ஒரே புளுகு.”

“என்கிட்ட ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீ குதிப்பே. ‘நான் போனா இவ சும்மா இருக்க மாட்டா, எல்லார் முன்னாடியும் நின்னு என் பல்லைக் கேப்பா, நல்லா வாங்கிக் கட்டிப்பா. அந்தப் பாடு அவளுக்கு எதுக்கு’ன்னார். உன் லேப்ல பத்திரமா போடச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார். நாந்தான் தூக்கக் கலக்கத்துல மறந்து தொலைச்சேன்.”

அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். “நான் திட்டினப்ப அழுதாரேம்மா.”

“யாரு, அவரா? சிரிப்பை அடக்க முடியாமத்தான் அந்தப் பக்கம் திரும்பினார். நீ வெளிய போனதும் சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து, மெஷினைக் கூட்டி வைக்க வேண்டியதாப்போச்சு.”

மூலையில் யாரோ ஒரு பெண் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அடைத்தும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அது அடுத்தவளுக்குத் தொற்றியது. சித்தப்பா மட்டும் நாக்கால் தன் கன்னத்தின் உள்பக்கத்தைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“எனக்கும் ரெண்டு அடைச்சிருக்கும்மா,” என்றார் மெதுவாக. “உயிரோட இருக்கறவரைக்கும் ஒண்ணும் பண்ணாதுல்ல?”

“பண்ணாது சித்தப்பா. நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதும்.”

தகன மையத்தின் காத்திருப்பு அறை அவளுக்குப் பழகிய இடம். கருவிப் பெட்டியோடு எத்தனையோ பகல் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறாள். உலை இயக்குபவர் எட்டிப் பார்த்து, “இன்னைக்குப் பெட்டி எடுத்துட்டு வரலையா மேடம்?” என்று கேட்டார். பின்னாலேயே அம்மாவையும் சித்தப்பாவையும் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்து உலையின் கதவு இறங்கியது. சித்தப்பா அம்மாவை வீட்டுக்கு அழைத்துப்போன பிறகு, துக்கத்துக்கு வந்திருந்த இயக்குநர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். கண்கூடக் கலங்கியிருந்தது.

“இப்ப உனக்கே புரிஞ்சிருக்கும்மா. இந்த மாதிரி நேரத்துல ஒரு வீட்டுல போய்ப் பல்லைப் பத்திப் பேச முடியுமா, சொல்லு?”

“பேசினேன் சார்.”

அவர் திரும்பிப் பார்த்தார். “என்ன சொன்னாங்க?”

“சிரிச்சாங்க.”

அவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

“லேப் சாவி வேணும் சார்.”

“இன்னைக்கா? வீட்ல அம்மா தனியா…”

“அம்மா தூங்கணுமாம். யாரும் எழுப்பாதீங்கன்னு சொல்லிட்டாங்க. பாதரசக் கழிவுப் பெட்டியில ஒண்ணைப் போடணும்.”

சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் கேட்டார். “அப்ப அந்த அத்தியாயம்?”

“இருக்கும் சார்.”

எழுந்து வெளியே நடந்தாள். எதிரே பள்ளிக்கூடத்தில் இடைவேளை. பிள்ளைகளின் கூச்சல் சாலைவரை கேட்டது. அவள் பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தாள். புகை இல்லை. புகைபோக்கியின் வாயில் வெயில் மட்டும் நெளிந்தது. காற்று பள்ளிக்கூடத்துப் பக்கமாகத்தான் அடித்தது.

சாலையைக் கடந்தாள். பைக்குள் பாட்டில் கிலுகிலுத்துக்கொண்டே வந்தது.