அக்காவின் நாக்கு

காலையில் எழுந்ததும் காபிப் பொடி டப்பாவைத் திறந்தேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி கையால் விசிறி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. மூக்கையே உள்ளே விட்டேன். தும்மல்தான் வந்தது.

காய்ச்சல் விட்டுப் பதினொரு நாள். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தன. வாசனை மட்டும் திரும்பவில்லை. பத்திரிகையில் ‘நகரத்தில் எங்கே சாப்பிடலாம்’ பக்கத்தை எழுதுகிறவள் இதை வெளியே சொல்ல முடியாது. அந்தப் பக்கம் கிடைக்க இரண்டு வருஷம் அலைந்திருக்கிறேன். போன வாரம் ஒரு பழகிய டீக்கடையைப் பற்றி எழுதி ஒப்பேற்றிவிட்டேன். இந்த வாரம் ஐந்தும் புதுக் கடைகள். மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

அக்காவுக்கு போன் செய்தேன்.

“கூட வந்து சாப்பிட்டுட்டு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு. போதும்.”

“ஏன், உனக்கு என்னடி ஆச்சு?”

சொன்னேன்.

“அப்போ உன் மூக்கு இப்போதைக்கு கண்ணாடி மாட்டத்தானா?” என்றாள்.

பதினொரு மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் நின்றாள். பையில் ஒரு காலி டப்பா. “மிச்சமானா போட்டுக்கலாம்ல.”

முதல் கடையில் காபியும் பன்னும்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“நல்லான்னா?”

“சூடா, நல்லா இருக்கு.”

சூடு எனக்கே தெரிந்தது.

இரண்டாவது கடையில் வறுத்த மீன். நல்லா இருக்கு. மூன்றாவதில் பழச்சாறு. ரொம்ப நல்லா இருக்கு. நோட்டில் மூன்று வரிகளும் ஒரே மாதிரி நின்றன. பேருந்து ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும்போது இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது. நான்காவது கடையில் நூடுல்ஸ். பக்கத்து மேஜையில் இரண்டு பேர் பாதியிலேயே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். “நல்லா இருக்கு” என்றாள் அக்கா. நான் மூன்று முறை இடம் மாறி உட்கார்ந்தேன். மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

ஐந்தாவது, ஆறு மேஜைகள் மட்டுமே உள்ள சூப் கடை. எங்களைத் தவிர யாருமில்லை. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. காற்றோட்டமான கடை என்று குறித்துக்கொண்டேன்.

அக்கா ஒரு கரண்டி குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

“நல்லா இருக்கு.”

நானும் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது. லேசாகக் கசந்தது, மிளகாக இருக்கும். சமையல்காரரே வெளியே வந்து, கையைத் துண்டில் துடைத்தபடி எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். அந்நியர்கள் இப்படி நின்றால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் மணி மூன்றே முக்கால். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன்.

“சூப் ரொம்பப் பக்குவமா இருக்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

“கிண்டலாம்மா?” குரல் தாழ்ந்திருந்தது. “அடிப்பிடிச்சிருச்சு. தெருமுனை வரைக்கும் தீஞ்ச வாடை. மன்னிப்பு கேட்டுட்டு எடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

தெருவுக்கு வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“உனக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“எங்க வீட்ல பதினாலு வருஷமா தினமும் நடக்குது. உங்க அத்தான் உப்பு குறைச்சல்ங்கறார். மாமியார் காரம் ஜாஸ்திங்கறாங்க. நின்னு சமைச்சவ மூஞ்சி எப்படி ஆகும்னு ரெண்டு பேரும் பாக்கறதே இல்ல. நான் குடிக்கும்போதே அந்த ஆள் அடுப்படியிலேர்ந்து எட்டிப் பாத்துட்டு இருந்தார்டி. நான் எப்படி சொல்ல?”

“அவர்கிட்ட சொல்ல வேண்டாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ எழுதிடுவியே.”

நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா என் முழங்காலில் கை வைத்தாள். கால் நின்றது, கை விரல்கள் ஆடத் தொடங்கின. நோட்டில் ஐந்து பொய்கள். நாலு இருபதுக்குப் பத்திரிகை ஆசிரியருக்கு போன் செய்து, மூக்கு விஷயத்தைச் சொன்னேன்.



“போன வாரம் டீயில இஞ்சி வாசனை தூக்கலா இருந்துச்சுன்னு எழுதினியே?”

“பழைய ஞாபகத்துல எழுதினேன் சார்.”

“அவங்க இஞ்சி போடறத நிறுத்தி ஒரு மாசம் ஆச்சாம். வாசகருங்க ரெண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தாங்க. ‘எங்க பொண்ணு குடிக்காம எழுதமாட்டா’ன்னு அவங்களுக்கு பதில் வேற போட்டேன்.”

நோட்டை மூடினேன்.

“இந்த வாரம் அந்தப் பக்கத்துல விளம்பரம் போட்டுக்கறேன். மூக்கு வந்ததும் வாம்மா.”

“வந்தா பக்கம் எனக்கேவா சார்?”

“அத அப்போ பாப்போம்” என்று வைத்துவிட்டார்.

“என்னவாம்?” என்றாள் அக்கா.

“பக்கம் வராது.”

“ஒரு கடையும் வராதா?”

“ஒண்ணும் வராது.”

அக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். டப்பாவைத் திறந்து காலையில் மிஞ்சிய பன்னை எடுத்து அழுத்திக் காட்டினாள்.

“இது நேத்து சுட்டது. சூடு பண்ணிக் குடுத்து ஏமாத்தறான்.”

“அக்கா.”

“மீன் நல்ல மீன்தான், எண்ணெய்தான் மூணு நாள் பழசு. ஜூஸ்ல பாதிக்கு மேல தண்ணி. நூடுல்ஸ்ல குறையே இல்ல தெரியுமா? அந்த ரெண்டு பேரும் ஏதோ சண்டையில எழுந்து போனாங்க. பூண்ட எவ்வளவு பொறுமையா வதக்கியிருக்கான். நானா இருந்தா அவசரத்துல கருக்கியிருப்பேன்...”

நாங்கள் ஏற வேண்டிய பேருந்து வந்து நின்று, போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. நோட்டைத் திறந்து புதுப் பக்கம் திருப்பினேன்.

“கொஞ்சம் மெதுவா சொல்லு” என்றேன்.