சுவர்ப்பாசிக்கு ஊர்ப்பெயர்

அறிவியல் இதழின் ஆசிரியர் அனுப்பிய மின்னஞ்சல் மூன்றே வரி. நீங்கள் கண்டுபிடித்த பாசிக்கு வைத்த பெயர் செல்லாது. நூறு வருடங்களுக்கு முன்பே ஒருவர் ஆற்றங்கரையில் எடுத்த, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பாசிக்கு உங்கள் நகரத்தின் பெயரை வைத்துவிட்டார். இன்று மாலைக்குள் வேறு பெயர் வந்தால் கட்டுரை இந்த இதழிலேயே வரும்.

பாசிக்காரி அதை நின்றுகொண்டு ஒரு தடவையும் உட்கார்ந்து ஒரு தடவையும் படித்தாள். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவள் அவள். கையில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு ஊரிலுள்ள ஈரச்சுவர்களில் எல்லாம் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் அது.

அடுத்த இதழ் என்றால் காரியம் கெட்டது. ஆற்றுக்கு அக்கரையிலும் ஒரு குழு இதே பாசியைக் கண்டெடுத்திருக்கிறது. யார் கட்டுரை முதலில் அச்சாகிறதோ அவர்கள் வைப்பதுதான் பெயர். அவர்கள் அக்கரையின் பெயரைத்தான் வைப்பார்கள். ஆனால் அவள் இந்தத் தெருவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். பாசி வளர்ந்தது தெருமுனையில் இருக்கும் பம்ப் ஹவுஸின் வடக்குச் சுவரில். வெள்ளையடிக்க வாளியோடு வந்த பம்ப் ஆபரேட்டரை அவள் மறித்தபோது, தெருவே கூடி யோசித்து, "சரி, அடிக்கல. ஆனா நம்ம இடத்துப் பேரைத்தான் வைக்கணும்" என்றது. ஒரு வருடமாக அந்தச் சுவரை எல்லோரும் அழுக்காகவே சகித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் மூஞ்சி தொங்கிப் போச்சு?" என்றான் கணவன். மோட்டார் ரிப்பேர் அவன் தொழில். முன்னறையில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"ஊர்ப் பேர் போச்சுங்க. யாரோ முந்திக்கிட்டாங்க."

"வேற வச்சுட்டுப் போ. பச்சையா இருக்குன்னு வை."

"எந்தப் பாசிங்க பச்சையா இல்ல?"

அவன் கம்பியைப் பல்லில் கடித்துக்கொண்டு யோசித்தான். "நம்ம காலனிப் பேர்?"

"அது ஒரு ஆபீசர் பேரு. அதை வச்சா பாசி அவரோடதுன்னு ஆயிடும்."

"தண்ணி வரியை ஏத்திட்டு ரிட்டயர் ஆனாரே, அவரா? அப்ப வேண்டாம். தெருவே வந்து சுரண்டிப் போட்டுடும்."

அவள் சிரித்துவிட்டாள். மின்விசிறி வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுத ஆரம்பித்தாள். யாருக்காவது விளக்கிச் சொன்னால்தான் அவளுக்கு மூளை ஓடும். கணவன் வசமாக மாட்டிக்கொண்டான்.

"இங்க பாருங்க. ஊர்ப் பேரை லத்தீனுக்குக் கொண்டுபோக ஒரு வழி, சத்தத்தை அப்படியே பிடிச்சு வால் ஒட்டறது. மதராசபட்டினத்தை அப்படித்தான் மதெராஸ்பதானான்னு ஒரு கொடிக்கு வச்சிருக்காங்க. இன்னொரு வழி, ரோமானியங்க காலத்துப் பேரைத் தேடி எடுக்கறது. இங்கிலாந்துல இருக்கற யார்க்குக்கு அந்தக் காலத்துப் பேரு எபொராகும். நியூயார்க்னா?"

"புது எபொராகும்."

"அதேதான். நோவும் எபொராகும். அங்கே கிடைச்ச செடின்னா ரெண்டையும் ஒட்டி, 'அந்த இடத்தைச் சேர்ந்தது'ங்கிற அர்த்தத்துக்கு என்ஸிஸ்ங்கிற வாலைப் போட்டு, நோவெபொராகென்ஸிஸ். எவ்வளவு அழகா பூட்டிக்குது பாருங்க."

"அழகுதான். நமக்கு எது பூட்டும்?"

அங்கேதான் இடித்தது. நகரத்தின் பெயர் போய்விட்டது. காலனியின் பெயர் ஒரு மனிதருடையது. ரோமானியர்கள் இந்த இடத்துக்குப் பெயர் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பம்ப் ஆபரேட்டர் கை துடைக்கும் துணியோடு உள்ளே வந்தார். காலை ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்திருந்தார்.

"என்னக்கா, நம்ம பேரு அச்சுல வந்துடுச்சா?"

பாசிக்காரி நடந்ததைச் சொன்னாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அக்கரைக்காரன் பேரு நம்ம சுவத்துக்கா? இது நல்லா இருக்கே. ஒரு வருஷமா என் மேலதிகாரிகிட்ட சுவர் ஏன் பச்சையா இருக்குன்னு திட்டு வாங்கினவன் நான்."

அப்போது கணவனின் போன் அடித்தது. அவனுடைய அக்கா, பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அவன் கம்பி சுற்றுவதைத் தொடர்ந்தான்.

"டேய், காலனிப் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டா கண்டக்டர் அப்படி ஒரு இடமே இல்லைங்கறார்."

"அது போர்டுல மட்டும்தான்கா இருக்கும். மூணாம் பம்புன்னு கேளு."

"மொத பம்பு எங்க வரும்? அங்கேருந்து எண்ணிக்கிறேன்."

"எண்ணாத. மொத பம்பும் இல்ல, ரெண்டாவதும் இல்ல. எப்பவோ இடிச்சாச்சு."

"இல்லாததுக்கு அப்புறம் வர்ற மூணாவதுல இறங்கணுமா? உன்னை நம்பி வந்தேன் பாரு." போன் வைக்கப்பட்டது.

ஆபரேட்டர் சிரித்தார். பாசிக்காரி சிரிக்கவில்லை. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"திரும்பச் சொல்லுங்க."

"எதை? எங்கக்கா திட்டினதையா?"

"இறங்கற இடத்தை."

"மூணாம் பம்பு."

இவ்வளவு நேரமும் அவள் பம்ப் ஹவுஸை ஒரு கட்டடமாக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓர் ஊர்ப்பெயர் என்று தோன்றவே இல்லை. அட்டைப்பெட்டியில் ஒரு நீளக் கோடு இழுத்தாள்.

"இது ரோமானியங்க போட்ட சாலைன்னு வச்சுக்குங்க. வழியில குதிரை மாத்த, சாப்பிட, படுக்க நிறுத்தங்கள் இருக்கும். அதுக்கெல்லாம் என்ன பேர் வச்சாங்க தெரியுமா? பாலம் இருந்தா ஆத் போந்தெம், பாலத்துக்கிட்ட. பத்தாம் மைல்கல்லுன்னா ஆத் தெகிமும், பத்தாவதுகிட்ட. மூணு கடை இருந்தா த்ரேஸ் தபெர்னாய், மூணு கடை. அவ்வளவுதான். என்ன நிக்குதோ அதுதான் பேரு. நம்ம பஸ் ஸ்டாப் மாதிரியே."

"மூணு கடைன்னு நம்ம ரூட்லயும் ஒரு ஸ்டாப் இருக்கே," என்றார் ஆபரேட்டர். "இப்ப அங்க ஒரு பேங்க்."

"அதனாலதான் சொல்றேன். அந்த லத்தீன் மூணு கடையும் பின்னாடி ஊராவே ஆயிடுச்சு. கடைப் பேர் ஊர்ப் பேரா நின்னுடுச்சு. அப்ப மூணாம் பம்பும் ஊர்ப் பேருதான். சத்தத்தைத் தூக்கிட்டுப் போக வேண்டாம். அவங்க ஆளுங்க இங்க பஸ் ஏறியிருந்தா என்ன சொல்லியிருப்பாங்களோ அதைச் சொன்னாப் போதும்."

கணவன் கம்பியைக் கீழே வைத்துவிட்டான். "அவங்க கிட்ட பம்பு ஏது?"

அவள் கை லத்தீன் அகராதியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒருவேளை அந்தச் சொல்லே இல்லாவிட்டால்? பக்கங்கள் ஒட்டிக்கொண்டு திரும்ப மறுத்தன. பிறகு விரல் நின்றது. ஆந்த்லியா: தண்ணீர் இறைக்கும் பொறி.

"இருந்திருக்கு," என்றாள். அகராதியை அவர்கள் பக்கம் திருப்பினாள். "அவங்களும் தண்ணி இறைச்சிருக்காங்க."

"அப்ப ஆந்த்லியான்னே வச்சுடலாம்," என்றான் கணவன். "வாய்க்குச் சுலபம்."

"அதெப்படி," என்று ஆபரேட்டர் பாய்ந்தார். "வெறும் பம்புன்னா உலகத்துல எந்தப் பம்பும் வந்து சொந்தம் கொண்டாடும். மூணாம்ங்கிறது வேணும். நின்னது அது ஒண்ணுதான்."

அவர் சொன்னது நியாயம். மூன்றாவது என்பதற்கு லத்தீனில் தெர்தியா. தெர்தியா ஆந்த்லியா என்று எழுதினாள். நோவும் எபொராகும் ஒட்டிக்கொண்டதுபோல இரண்டையும் சேர்த்து, நடுவில் இடித்த உயிரெழுத்தைத் தட்டிவிட்டு, வாலை மாட்டினாள். மூவரும் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்கள். ஆபரேட்டர் இரண்டு இடத்தில் மூச்சு விட்டார்.

"மெயின் வால்வைத் திறக்கற மாதிரி இருக்குக்கா. ஆனா பலமான பேரு."

பதிவுப் பட்டியலில் தேடினாள். அந்தப் பேரினத்தில் அந்தப் பெயர் எந்தப் பாசிக்கும் இல்லை. கட்டுரையில் பெயரை மாற்றினாள். பாசி எடுத்த இடம் என்ற வரியில், காலனியின் பெயருக்கு அடுத்து, 'மக்கள் வழக்கில் மூன்றாம் பம்ப்' என்று சேர்த்து அனுப்பினாள். நாத்தனார் பையோடு படியேறி, தம்பியை ஒரு சுற்றுத் திட்டி முடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. பெயர் ஏற்கப்பட்டது, இந்த இதழிலேயே வருகிறது.

பெயர் தெர்தியாந்த்லியென்ஸிஸ். தெர்தியா என்றால் மூன்றாவது, ஆந்த்லியா என்றால் பம்பு, என்ஸிஸ் என்றால் அந்த இடத்தைச் சேர்ந்தது: மூன்றாம் பம்பைச் சேர்ந்த பாசி.