உப்புச் சிலுவை

தவக்காலத்து வெயிலில் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த மரியசெல்வியின் கையில் ஒரு சிலுவை சிக்கியது. சாண் நீளம், பார்வைக்கு முழுக்க உப்பு. மதியத்துக்குள் பாத்தி வரப்பில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. மறுநாள் வானூரிலிருந்துகூட வேனில் ஆட்கள் வந்து மண்டியிட்டார்கள்.

அங்கே மூட்டை தைக்கும் ஜெனிதா தபால் வழியில் தத்துவம் படித்துவந்தாள். அந்த வாரப் பாடம் ஐரோப்பாவின் அறிவொளிக் காலம். அற்புதம் நடந்ததாக ஒருவர் சொன்னால், இயற்கையின் விதி மாறியிருக்குமா, சொன்னவர் ஏமாந்திருப்பாரா, எதற்கு வாய்ப்பு அதிகம் என்று பார்க்கச் சொன்னது பாடம். அந்தக் காலத்தவர் பலர் கடவுளை மறுக்கவில்லை. விதிகளை வகுத்த கடவுள் அப்புறம் அதில் கை வைப்பதில்லை என்றார்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஜெனிதாவுக்கு இது மண்டையைக் குடைந்தது.

இரண்டு சவுக்குக் குச்சிகளைக் குறுக்காகக் கட்டி, ஓரப் பாத்தியில் போட்டுவைத்தாள். ஆறாம் நாள் எடுத்தபோது குச்சியே தெரியாமல் உப்பு பூத்திருந்தது. முதலில் சந்தோஷம். பிறகு பயம். துப்பட்டாவில் சுற்றி மரியசெல்வியிடம் கொண்டுபோனாள்.

“அக்கா, கோச்சிக்காதீங்க. இத நான்தான் செஞ்சேன்.”

மரியசெல்வி திருப்பிப் பார்த்தாள். “நான் எடுத்ததுலயும் குச்சிதான் இருக்குது ஜெனி. எடுத்த அன்னிக்கே முனையில தெரிஞ்சுது.”

“அப்போ ஏன்க்கா சொல்லல?”

“யாரு என்னைக் கேட்டா?” அவள் ஒரு உப்புக் கல்லை எடுத்து நீட்டினாள். “எனக்கு வேற டவுட்டு. இத்தினி வருசமா வார்றேன், கல்லு சதுரம் சதுரமாவே உறையுது. அதுக்கு யாரு சொல்லி வெச்சா? உன் புக்குல போட்டிருக்குதா?”

“விதி இருந்தா வகுத்தவர் ஒருத்தர் இருக்கணும்னு பாதிப்பேரு சொன்னாங்க.”

“மீதிப்பேரு?”

“அதுவும் நம்ம ஊகம்தான்னாங்க.”

“நீ என்னா சொல்ற?”

“தெரியலக்கா.”

அன்று சாயங்காலம் மரியசெல்வியே கூட்டத்தின் முன்னால் போய், உள்ளே குச்சி இருப்பதைச் சொல்லிவிட்டாள். சிலர் திட்டினார்கள். பலர் வேன் ஏறினார்கள். அமுதவல்லி என்ற பெண் மட்டும் மெழுகுவர்த்தியை அணைக்கவில்லை. “குச்சி இருந்தா என்னாங்க? நான் வேண்டிக்கிட்டது வேண்டிக்கிட்டதுதான்” என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் மரியசெல்வி தூக்குச்சட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்தப் பாடத்த சத்தமா படி, கேக்கலாம்.”

ஜெனிதா படித்தாள். இரண்டாவது வரியிலேயே மரியசெல்வி கையமர்த்தினாள். “இரு, இரு. அது எப்படி?”