கிருமிக்குக் கெட்டிச் சாறு

"நாளைக்கு மேசையைக் காலி பண்ணிடும்மா" என்றார் டாக்டர் அசரியா. "இத்தனை பொடி செஞ்ச. ஒரு கிருமிகூடச் சாவல. கல்யாணம் பண்ணிக்கினு நிம்மதியா இரு."

"இன்னிக்குச் செஞ்ச பொடி ஒண்ணு பாக்கி இருக்கு சார்" என்றாள் லோயிஸ்.

யுத்தத்தால் சீமை மருந்து வருவது நின்றுபோய், சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சீழ்ப்புண்ணோடு வந்தவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ரசாயனம் படித்த லோயிஸ், கரியும் கந்தகமும் நைட்ரஜனும் கைகோத்த சின்ன வளையங்களைச் சல்பா மருந்தோடு பிணைத்துப் புதுப்புதுப் பொடிகள் செய்தாள். சோதிக்கக் கிருமி வேண்டுமே? திருப்பதிக்குப் போய், மொட்டைத் தலைகளில் கத்தி பட்டுச் சீழ் வைத்த இடங்களைப் பஞ்சால் ஒற்றி வந்தாள்.

"நீயும் மொட்ட போட்டுக்கினியாடி?" என்று சபைப் பெண்கள் கேலி செய்தார்கள்.

"அடுத்த தடவ. நீங்களும் வாங்க!"

கிருமி வளர்க்கும் தட்டுக்கு ஆட்டிறைச்சிச் சாறு காய்ச்சித் தருபவள் சமையல்காரி சுந்தரி. தாராளக் கை. "கிருமின்னாலும் நம்ம ஆஸ்பத்திரில துன்றது. வயிறாரத் துன்னட்டும்" என்பாள்.

அன்று அவள் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்கு நகரி ஊருக்குப் போய்விட்டாள். மிஞ்சிய சாறு ஒரு தட்டுக்குத்தான் வந்தது. அடியில் நின்ற கொஞ்சத்தில் தண்ணீர் விட்டுப் பெருக்கி, லோயிஸே இன்னும் இரண்டு தட்டு வார்த்தாள். கெட்டித் தட்டிலும் ஒரு தண்ணீர்த் தட்டிலும் புதுப் பொடியைக் கலந்தாள். மூன்றிலும் கிருமியைத் தடவினாள்.

மறுநாள் கெட்டித் தட்டில் வழக்கம்போலக் கிருமி கொழுத்திருந்தது. பொடி கலந்த தண்ணீர்த் தட்டோ பளிங்கு!

லோயிஸுக்குப் பளிச்சென்று புரிந்தது. மருந்து கிருமியின் சோற்றைத்தான் மறிக்கிறது. சுந்தரியின் விருந்துக்கு முன்னால் எந்த மருந்து நிற்கும்?

மேசையைத் தூக்க ஆட்களோடும் மரப்பெட்டிகளோடும் வந்தார் அசரியா. தட்டைப் பார்த்ததும் சிரித்தார். "பட்டினி போட்டுக் கொன்னுட்டு, மருந்து கொன்னுச்சுங்கிறியா?"

பொடி கலக்காத தட்டை அவர் மூக்கருகே நீட்டினாள். கிருமி மொய்த்துக்கிடந்தது. "இதுவும் அதே தண்ணிச் சாறுதான் சார். இது மட்டும் ஏன் பட்டினில சாவல?"

அசரியா இரண்டு தட்டுகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிரிப்பு போயிருந்தது.

"பழைய பொடி எல்லாத்தையும் மறுபடி பாக்கணும். மேசைய எடுக்கணும்னா என்னையும் சேத்துத் தூக்கச் சொல்லுங்க" என்றாள் லோயிஸ்.

"தட்டுல செத்தா போதுமா? எலிக்குக் கொடுத்துப் பாக்க வேணாமா? கூண்டு எங்க?"

லோயிஸ் ஆட்களிடம் திரும்பினாள். "அந்தப் பெட்டிங்கள இங்க வெச்சுட்டுப் போங்கண்ணா. கூண்டு ஆச்சு. சுந்தரி வரட்டும், அவ சமையக்கட்டுல இல்லாத எலியா?"